அம்மாக்கள் ஏறிப் பார்த்த பிரேக்

அந்த வெள்ளிக்கிழமை என் சம்சாரம் அமலா வேனில் வரவில்லை, நடந்து வந்தாள்.

நான் மணலியில் காலை ஷிப்ட் முடித்து வந்து, குளித்துவிட்டு, வாசலில் லுங்கியைப் பிழிந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் அவள் வருவது தெரிந்தது. ஒரு கையில் வேன் சாவி. இன்னொரு கையில் யாரோ ஒரு குழந்தையின் சாப்பாட்டுக் கூடை. கூடையின் ஓரத்தில் தயிர்சாதம் வழிந்து காய்ந்திருந்தது. முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். அந்த மடிப்பு முழுக்க மணல்.

என்னைத் தாண்டி உள்ளே போனாள். குடத்தில் தண்ணீர் மொண்டு நின்றபடியே குடித்தாள். இன்னொரு சொம்பும் குடித்தாள். பிறகுதான் வாய் திறந்தாள்.

"பிரேக் புடிக்கலயா. பெடலு அப்டியே தரையோட போயி ஒட்டிக்கிச்சு."

"புள்ளைங்க?"

"எல்லாம் அதுங்க வூட்ல கீதுங்க. ஒவ்வொண்ணா கையப் புடிச்சு இட்டுகினு போய் வுட்டுட்டுத்தான் வர்றேன்."

"நீ?"

"நல்லாத்தான் கீறேன்."

சொல்லிவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். அவள் வேன் ஓட்டும் பள்ளிக்கூடம் திருவொற்றியூரில். பிள்ளைகளின் வீடுகள் கடலோரமாக எண்ணூர்ப் பக்கம் போகும் சாலையில் ஆங்காங்கே. அந்தச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் எந்நேரமும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருக்கும். முன்னால் போன டிரெய்லர் திடீரென்று நின்றது. அமலா பிரேக்கை மிதித்தாள். பெடல் இறங்கிப் போய்விட்டது. மறுபடி மிதித்ததில் பாதிதான் பிடித்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துப் பார்த்தாள். அப்போதும் வண்டி டிரெய்லரை நோக்கியே போயிற்று. கடல் அரிப்புக்குத் தடுப்புச் சுவர் கட்டச் சாலையோரம் மணல் கொட்டியிருந்தார்கள். ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் ஒடித்துவிட்டாள். வேன் மூக்கை மணலில் புதைத்துக்கொண்டு நின்றது.

பிள்ளைகள் இதை விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டியிருக்கிறார்கள். ஜெனி மட்டும் கைதட்டவில்லையாம். "ஆன்ட்டி, பிரேக் புடிக்கலியா?" என்று பின்னால் இருந்து கேட்டிருக்கிறாள்.

ஜெனிக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிவிட்டது. காலில் இரும்புப் பட்டை போட்டுத்தான் நடப்பாள். அவளை மட்டும் அமலா இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் விட்டிருக்கிறாள்.

உப்புக் காற்று

போன வாரம் மணலி நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்த பழைய நண்பர் ஒருவர், "உன் சம்சாரம் வேன் ஓட்டுனாங்களே, அத எழுத மாட்டியா?" என்று கேட்டார். அவர் கேட்ட பிறகு இரண்டு நாள் எனக்கு அந்த மணல் ஒட்டிய புடவைதான் கண்முன் நின்றது.

தொண்ணூறுகளின் கடைசி என்று நினைக்கிறேன். அமலாவின் அண்ணன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும்போது, ஓட்டிக்கொண்டிருந்த வேனை விற்க மனமில்லாமல் எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார். ஆள் போட்டு ஓட்டலாம் என்றேன் நான். அமலாவோ கல்மண்டபத்தில் இருந்த டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். லைசென்ஸ் வாங்கிய அன்று எனக்கு மீன் குழம்பு வைத்துப் போட்டுவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள்.

ஆரம்பத்தில் தெருவில் தயங்கினார்கள். "பொம்பள ஓட்டுற வண்டியா" என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் அதே ஆட்கள், பொம்பிளை ஓட்டுவதால்தான் அனுப்புகிறோம் என்றார்கள். அவள் வாசலில் வந்து நின்று ஹாரன் அடிக்க மாட்டாள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். எந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது, எது வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பதெல்லாம் தாய்மாருக்கு முன்பு அவளுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்துக் கடல்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் ஜன்னல் கம்பியைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். சைக்கிள் செயின், கேட்டுத் தாழ்ப்பாள், தையல் மெஷின் கால் எதுவும் தப்பாது. இரும்பு வாங்கினால் துருவும் சேர்த்துத்தான் வாங்குகிறோம் என்று என் அப்பா சொல்வார்.

அந்த உப்புதான் வேனையும் பிடித்திருந்தது. சாயங்காலம் ஒரு லோடு ஆட்டோவில் கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தினோம். அடியில் படுத்துப் பார்த்தேன். பிரேக் பெடலை மிதித்தால் ஆயில் ஒரு மெல்லிய ஸ்டீல் குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும். பின் சக்கரத்துக்குப் போகும் குழாய், வண்டியின் அடிவயிற்றில் ஒரு கிளிப்புக்குள் செருகியிருந்தது. கிளிப்புக்கு அடியில் துரு தின்று, ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் ஆயில் ஈரம்.

கம்பெனிக் குழாய்க்குச் சொல்லி வைத்தால் வர வாரக்கணக்காகும் என்றார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்து, ஓட்டை இருக்கும் இடத்தை வெட்டிவிட்டுச் செம்புக் குழாயில் பிட்டு போட்டுவிடலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.

"ஒட்டுப் போட்ட பைப்ப நம்பி நான் புள்ளைங்கள ஏத்த மாட்டேன்," என்றாள் அமலா. "முழுசா புதுசு போடணும்."

இருட்டும் நேரத்தில் குமுதா வந்தாள். ஜெனியின் அம்மா. ரேஷன் கடைக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்தாள். சண்டை பிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கூடையை மட்டும் வாங்கிக்கொண்டு நின்றாள். அது ஜெனியின் கூடை.

"எப்ப சரியாவும் அமலா?"

"தெரிலக்கா."

"மத்தவங்க எல்லாம் வேற வேன் பேசிகினு கீறாங்க. அந்த வேன்காரு ஜெனிய ஏத்த மாட்டாராம். ஏறி எறங்க நேரமாவுதாம். காலைல கடைய வுட்டு நான் அவள தூக்கிகினு போவ முடியாது. அவ வூட்லயே குந்திகினு கீற மாதிரிதான் ஆவும்."

அமலா என்னைப் பார்த்தாள். குமுதாவும் என்னைப் பார்த்தாள். குழாயை நானே செய்கிறேன் என்று அப்போதுதான் சொன்னேன்.

என்னிடம் இருந்த டூல்

வீம்புக்குச் சொல்லவில்லை. மணலியில் எனக்கு ஃபிட்டர் வேலை. பிளான்ட்டில் காற்றழுத்தம் போகும் சின்னச் சின்னக் குழாய்களை வெட்டி, வளைத்து, முனையை விரித்து, நட்டு போட்டு இறுக்குவதுதான் நாள் முழுக்க. முனை விரிப்பதற்கு என்று ஒரு டூல் உண்டு. ஃபிளேரிங் டூல் என்போம். சொந்தமாகவே ஒன்று வைத்திருந்தேன். அதற்கு எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைப்பதைப் பார்த்து அமலா கேலி செய்வாள்.

சனிக்கிழமை விடிந்ததும் பழைய குழாயைக் கழற்றினேன். அதன் முனை சின்னப் பூ மாதிரி விரிந்திருந்தது. அந்த விரிந்த முனைதான், குழாய் போய்ச் சேரும் துளைக்குள் இருக்கும் கூம்பில் உட்காரும். பின்னால் இருந்து நட்டு அதை அழுத்திப் பிடிக்கும். அது சரியாக உட்கார்ந்தால் ஒரு சொட்டு ஆயில் வெளியே வராது. உட்காராவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் பிரயோசனம் இல்லை.

கையில் கிடந்த ஸ்டீல் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து என் டூலில் வைத்து முனையை விரித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. அமலா பக்கத்தில் டீ கிளாசோடு நின்றிருந்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்," என்று சொல்லிக்கொண்டே புது முனையைப் பழைய முனைக்குப் பக்கத்தில் பிடித்தேன். அப்போது தெரிந்தது. பழையது இன்னும் அகலமாக விரிந்திருந்தது. என்னுடையது கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. பிளான்ட் குழாய்க்கு ஒரு சாய்வு, வண்டிக்கு வேறு சாய்வு. இதைப் போட்டால் கூம்பில் முழுசாகப் படியாது, கோடு போட்ட மாதிரி ஓரிடத்தில்தான் தொடும்.

பார்த்தால் ஒன்று போலத்தான் இருந்தது. வேறு யாராவது இதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் நானே வாங்கி மாட்டியிருப்பேனோ என்னவோ.

"இது ஒக்காராது அமலா," என்றேன். அவள் டீயை என்னிடம் நீட்டினாள்.

பாஷா பாய்

அடுத்த தெருவில் ஃபிரிட்ஜ், ஏசி வேலை செய்யும் பாஷா பாய் இருந்தார். என் வயதுதான். அவரிடமும் முனை விரிக்கும் டூல் உண்டு, அதன் சாய்வு வண்டிக்கு ஒத்துவரும் என்பது நினைவு வந்தது. ஆளனுப்பிக் கேட்டதற்கு, டூலை எடுத்துக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

"எடுத்துக்கோ தோஸ்து, எத்தினி நாள் வேணா வெச்சுக்கோ. ஆனா ஒண்ணு சொல்றேன். இது கேஸ் பைப்புக்கு. செம்புக்கு. பிரேக்குக்கு நான் கேரன்டி சொல்ல மாட்டேன்."

"செம்புலயே போட்டா இன்னா பாய்?" என்றேன்.

"சோம்பேறி மாதிரி செவுத்துல மாட்டிகினு கீற ஏசிக்கு செம்பு ஓகே. வண்டி ஆடிகினே இருக்கும். ஆடி ஆடி செம்பு இறுகிப்பூடும். அப்பறம் என்னிக்கி வுடும்னு அதுக்கே தெரியாது."

ஸ்டீல் துண்டையே அவர் டூலில் வைத்துத் திருகினோம். சாய்வு சரியாக வந்தது. எனக்கு மனசு லேசாயிற்று. பாஷா பாய் முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அமலா வாங்கி, சுண்டுவிரல் நகத்தால் விளிம்பைச் சுற்றி ஓட்டினாள். ஓரிடத்தில் நின்றாள்.

"நகம் மாட்டுதுயா."

தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்.

இன்னொரு துண்டு எடுத்து மெதுவாகச் செய்தோம். அதிலும் விரிசல். அப்படியென்றால் கம்பெனிக்காரன் எப்படி விரிசல் இல்லாமல் செய்தான் என்று தெரிந்தாக வேண்டும். பழைய முனையை வைஸ் இடுக்கியில் பிடித்து, ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். மூன்று தலையும் அதற்கு மேல் குனிந்தன.

முதலில் பார்த்தவள் அமலா.

"இது ரெண்டு மடிப்புயா. பாவாட ஓரம் அடிக்கிறோமே, அந்த மாதிரி. ஒரு தபா மடிச்சா பிரிஞ்சிடும்னு உள்ளார மடிச்சு அடிச்சிருக்கான்."

ஆமாம். விளிம்பு உள்பக்கமாக மடிந்து, இரண்டு கனமாக இருந்தது. எத்தனையோ வருஷம் குழாய் முனைகளோடு பழகியவன் நான். பிளான்ட்டில் இப்படி ஒன்று தேவைப்பட்டதே இல்லை, அதனால் பார்த்ததும் இல்லை.

"அத்தான் மேட்டரு," என்றார் பாஷா பாய். "என்து ஒத்த மடிப்பு. ரெண்டு மடிப்புக்கு வேற டூலு வரும்னு கேள்விப்பட்டுகீறேன். கல்மண்டபத்துல அண்ணாச்சி கடைல கேட்டுப் பாரு. பூரா பொட்டியும் அங்கதான் தூங்கிகினு கீது."

கல்மண்டபத்துக் கடை

பிளந்த முனையைத் துணியில் முடிந்து அமலா பர்ஸில் வைத்துக்கொண்டாள். இருவரும் பஸ் ஏறிக் கல்மண்டபம் போனோம்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நெற்றியில் சந்தனம், கழுத்தில் துண்டு. கடை முழுக்க ஸ்பேனரும் செயினும் கயிறும் தொங்கும். மீன்பிடித் துறைமுகத்தில் இருந்து போட்டுக்காரர்கள் வந்துபோகும் கடை என்பதால், கிரீஸ் வாசனையோடு கருவாட்டு வாசனையும் இருக்கும்.

அமலா முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இந்த மாதிரி மடிக்கிற டூல் வேணும்ணே," என்றாள்.

"எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது தங்கச்சி. ஃபிளேரிங்னு எழுதிருக்க பெட்டி எல்லாத்தையும் எடுத்து வைக்கேன். எது ஒத்து வருதுன்னு நீங்களே பாத்துக்கிடுங்க."

மேலே பரணில் இருந்து பெட்டிகள் இறங்கின. தும்மல் வந்தது. பாதி பெட்டிகளில் இருந்தது பாஷா பாயிடம் இருந்த அதே ஒற்றை மடிப்பு டூல். அவற்றை ஒதுக்கினோம். மிச்சம் இருந்தவற்றில் இரண்டு பெட்டிகளுக்குள் மட்டும், டூலோடு சட்டைப் பித்தான் மாதிரி சின்னச் சின்ன இரும்பு வில்லைகள் அடுக்கியிருந்தன. குழாய் அளவுக்கு ஒரு வில்லை.

"இந்த பட்டன் எதுக்குன்னு எனக்குத் தெரியாமலே இருந்துச்சு, பாத்துக்கிடுங்க," என்றார் அண்ணாச்சி. "ஒருத்தர் இத வேண்டாம்னு எடுத்து வச்சுட்டு டூல மட்டும் கேட்டாரு. பிரிச்சுக் குடுக்க மாட்டேன்னுட்டேன்."

வில்லையைக் கையில் எடுத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. முதலில் வில்லையைக் குழாய் வாயில் வைத்து அழுத்தினால் முனை உள்பக்கம் சுருங்கும். பிறகு வில்லையை எடுத்துவிட்டு டூலின் கூம்பால் அழுத்தினால், சுருங்கியது அப்படியே உள்ளே மடிந்து படியும். இரண்டு மடிப்பு.

இரண்டு பெட்டியில் ஒன்று பளபளவென்று நிக்கல் பூச்சு. மூடியில் வெல்வெட் துணி. இன்னொன்று கருப்பு. கனம். வார்த்த பிசிறுகூடச் சரியாகத் தேய்க்காமல் கரடுமுரடாக இருந்தது. எனக்குப் பளபளப்பின் மேல்தான் கை போனது.

"செஞ்சு பாக்காம எடுத்துட்டுப் போவாதீங்க," என்றார் அண்ணாச்சி. "புள்ளைய ஏத்துற வண்டிங்கிய. பொறவு எம்மேல பாவம் வந்து சேரும்." சொல்லிவிட்டு, செம்பு முலாம் பூசிய, பென்சிலைவிட மெல்லிய ஒன்றரை நூல் அளவு ஸ்டீல் குழாய்ச் சுருளில் இருந்து அவர் கையாலேயே துண்டுகள் வெட்டிக் கொடுத்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காலி செய்து, எங்களுக்கு வேலை மேஜையாகப் போட்டார்.

பளபளப்பை முதலில் எடுத்தேன். இறுக்கி அழுத்தும்போது குழாய் அதன் பிடியில் நழுவியது. முனை கோணலாக வந்தது. இன்னும் இறுக்கினேன். மறுபடி நழுவியது. அமலா கருப்பை எடுத்து, அவளே குழாயைப் பொருத்தி, இரண்டு பக்க நட்டையும் இறுக்கி, கைப்பிடியைத் திருகினாள். குழாய் அசையவில்லை. வில்லை வைத்து ஒரு அழுத்து, எடுத்துவிட்டு ஒரு அழுத்து. கழற்றி நகத்தை ஓட்டினாள். சுற்றி வந்தது, மாட்டவில்லை.

அதையும் பிளந்து பார்க்க வேண்டும் என்றேன். அண்ணாச்சி அலமாரியில் இருந்து புது ஹாக்ஸா பிளேடு ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். பிளந்து, பழையதற்குப் பக்கத்தில் வைத்தோம். இரண்டும் ஒரே மாதிரி. கடையில் கயிறு வாங்க வந்த போட்டுக்காரர் ஒருவர்கூடக் குனிந்து பார்த்துவிட்டு, "கருப்புதான் கரெக்ட்டு," என்று தீர்ப்புச் சொன்னார்.

அன்று அவர் எங்களுக்காக வீணாக்கிய குழாய்த் துண்டுகள், பிளேடு, கூட்டமான நேரத்தில் விட்டுக்கொடுத்த ஸ்டூல் எதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பெரிய உதவி செய்கிறோம் என்ற நினைப்பும் அவர் முகத்தில் இல்லை. இப்போது யாராவது என்னிடம் அவசரமாக எதையாவது வாங்கப் போகிறேன் என்றால், அந்த ஸ்டூல்தான் ஞாபகத்துக்கு வரும். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஜன்னலில் இருந்த நட்டு

ஞாயிறு காலை வாசலில் பாய் விரித்து வேலையை ஆரம்பித்தேன். பழைய குழாயைத் தரையில் வைத்து, அதன் வளைவுகளைப் பார்த்துப் பார்த்துப் புதியதை வளைத்தேன். வளைக்க என் பிளான்ட் பென்டரே போதுமாக இருந்தது. அதில் கொஞ்சம் ஆறுதல். குழாயை ஹாக்ஸாவால் வெட்டாமல் கட்டரால் வெட்டி, உள்விளிம்பைச் சுரண்டி, முதல் முனையை விரித்தேன். அப்படி ஒரு முனையை அதற்கு முன்பும் பின்பும் நான் செய்ததில்லை.

அமலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"நட்டு அங்க கீதுயா."

முனையை விரிப்பதற்கு முன்பே நட்டைக் குழாயில் கோர்த்துவிட வேண்டும். விரித்த பிறகு ஏறாது. ஃபிட்டர் வேலைக்குப் புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் நாள் சொல்லித் தருவது இது. என் இரண்டு நட்டும் ஜன்னல் கட்டையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

அவள் சிரிக்கக் கூடாது என்று ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். வெட்டிவிட்டு மறுபடி செய்தேன். கொஞ்சம் நீளமாகவே வெட்டியிருந்ததால் பிழைத்தேன்.

மாட்டி முடித்ததும், குழாயில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அமலா டிரைவர் சீட்டில். நான் வண்டிக்கு அடியில், பின் சக்கரத்தோரம்.

"மிதி."

"மிதிச்சிட்டேன்."

"வுடாத. புடிச்சிகினே இரு."

சின்ன நட்டைத் தளர்த்தினால், பாட்டிலில் செருகிய குழாய் வழியாக ஆயிலும் காற்றுக் குமிழியும் வரும். இறுக்கிவிட்டு, விடு என்பேன். மறுபடி மிதி என்பேன். குமிழி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஆயில் மட்டும் கோடாக வந்தது.

"இப்ப எப்டி கீது?" என்றேன் அடியில் இருந்தபடியே.

பெடல் இன்னும் இரண்டு தடவை மிதிபடும் சத்தம் கேட்டது. பிறகு, "கல்லு மாதிரி கீதுயா," என்றாள்.

முழு பலத்தோடு மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். நான் இரண்டு முனையிலும் வெள்ளைத் துணியைச் சுற்றி வைத்துப் பார்த்தேன். கறை இல்லை.

"நாங்க ஏறுறோம்"

வண்டிக்கு அடியில் இருந்து வெளியே வந்தபோது, எதிரே புடவைகளாக நின்றிருந்தன. குமுதா முன்னால். அவளுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள். தலையைத் துவட்டிய துண்டோடு ஒருத்தி, மாவு அரைத்த கையோடு ஒருத்தி.

"ஆச்சா?" என்றாள் குமுதா.

"ஆச்சுக்கா. இப்ப நாங்க ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரோம்," என்றாள் அமலா.

"நாங்க ஏறுறோம்."

எனக்குப் புரியவில்லை.

"புள்ளைங்கள ஏத்துறதுக்கு முன்ன நாங்க ஏறிப் பாக்குறோம். வெறும் வண்டில ஓட்டிப் பாத்தா இன்னா தெரியும்? வெயிட்டு வேணும்ல." குமுதா தன்னைச் சுட்டிக் காட்டினாள். "வெயிட்டு கீது."

அமலா வேண்டாம் என்றாள். தான் மட்டும் முதலில் ஓட்டிவிடுவதாகச் சொன்னாள்.

"நீ மட்டும் இன்னா தனியாளா? உனக்கும் ஒண்ணு ஆவக்கூடாதுல," என்றாள் குமுதா. "எங்க புள்ளைங்கள அன்னிக்கு ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து வுட்டவ நீ. ஓட்டு. உன்கூட வரோம்."

அமலா முகத்தைத் திருப்பிக்கொண்டு வேன் கதவை இழுத்துத் திறந்தாள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான பெஞ்சு சீட்டில் அம்மாக்கள் முழங்கால் இடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் முன்சீட்டில் டூல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் உள்ளங்கை வேர்த்திருந்தது. பிளான்ட்டில் நான் போட்ட குழாய்களில் எத்தனையோ அழுத்தம் போயிருக்கிறது. ஒருநாளும் இப்படி வேர்த்ததில்லை.

தெருவுக்குள் மெதுவாக ஓட்டி நிறுத்தினாள். நின்றது. கடலோரச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை என்பதால் டிரெய்லர்கள் குறைவு. கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, கொஞ்சம் வேகமெடுத்து, "புடிச்சிக்கோங்க," என்று சொல்லி மிதித்தாள். வேன் மூக்கைக் குத்தி நின்றது. பின்னால் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். யாரோ தலையில் வைத்திருந்த பூ என் மடியில் வந்து விழுந்தது.

குமுதா நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

"இன்னொரு தபா போடு," என்றாள் குமுதா.

மறுபடி ஓட்டி, மறுபடி மிதித்தாள். இன்னும் வேகமாகப் போகச் சொன்னார்கள். அதற்கும் நின்றது. அதன்பிறகு பின்னால் சிரிப்பு கிளம்பிவிட்டது. துண்டு கட்டியிருந்தவள், ராட்டினம் மாதிரி இருக்கிறது என்றாள். இவர்கள் எல்லாரும் ஒரே வண்டியில் ஒன்றாக எங்கேயாவது போனது அதுதான் முதல் தடவை என்பது அவர்கள் பேச்சில் தெரிந்தது.

"திருப்பட்டுமாக்கா?" என்று அமலா கேட்டாள்.

"திருப்பி? போனா சோறுதான் வடிக்கணும். இவ்ளோ தூரம் வந்தாச்சு, எண்ணூரு முகத்துவாரம் வரைக்கும் வுடு. நான் பாத்ததே இல்ல."

அத்தனை வருஷமாக அந்தச் சாலையில் குடியிருந்தவள், எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்த்ததில்லை. மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அமலா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் கியரை மாற்றினாள்.

ஆறும் கடலும் சேரும் இடத்தில், மணல் தொடங்கும் வரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். தூரத்தில் புகைபோக்கிகள் புகைந்துகொண்டிருந்தன. அம்மாக்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரை நோக்கிப் போய்விட்டார்கள். யாரும் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனேன். இரண்டு முனையின் நட்டையும் விரலால் சுற்றித் தடவினேன். காய்ந்திருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை தடவினேன்.

பக்கத்தில் மணல் சரசரத்தது. அமலா எனக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, கையை உள்ளே நீட்டியிருந்தாள். எங்கே என்று கண்ணால் கேட்டாள். அவள் கையைப் பிடித்து நட்டின்மேல் வைத்தேன். விரலால் சுற்றித் தடவி, விரலை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் தடவினாள்.

"காஞ்சி கீது," என்றாள்.

"காஞ்சிதான் கீது."

கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே வேனுக்கு அடியில், நிழலில் படுத்திருந்தோம். பிறகு தண்ணீரில் இருந்து குமுதா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அமலா எழுந்து போனாள். நானும் டூல் பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.